செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு ஜூன் மாதம் கூடியது; மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு நடக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது) பத்து மாதங்கள் தடையின்றி நடந்தது. பொங்கல் விடுமுறையில் குழந்தைகளுக்கு போர்டு கேம் தினம் நடத்தினோம். புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு நாம் எடுத்துச் செய்த பெரிய வேலை, அதேபோல் பாத்திரமேற்று ஆடும் திகில் ஆட்டங்கள்தான். செயலாளர் தன் விருப்பத்துக்காகச் சங்கத்தையே பேய் பங்களா ஆக்கிவிட்டார் என்று ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். அதனால் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

முதலில் எடுத்தது கால் ஆஃப் கத்துலு. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து 1981இல் கயோசியம் வெளியிட்டது. மற்ற ஆட்டங்களில் பாத்திரம் ஆட ஆட வலுவாகும். இதில் ஆட ஆட சானிட்டி, அதாவது பாத்திரத்தின் மனத்தெளிவைக் காட்டும் எண், கரையும்; கதையில் வரும் பழைய தெய்வங்களைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கிறீர்களோ அந்த அளவுக்கு அந்த எண்ணின் உச்சவரம்பே இறங்கிவிடும். தமிழில் நடத்தியபோது சானிட்டிக்கு முதலில் ‘மனநலம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ‘சித்தம்’ என்று மாற்றிய அன்றைக்கே ஓர் உறுப்பினர் பகடையை உருட்டிவிட்டு, “சரி, எனக்குச் சித்தம் கலங்கிப்போச்சு” என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்ட விதியும் வார்த்தையும் ஒன்றாகிவிட்டன.

ஆனாலும் கடலடியில் தூங்கும் கத்துலு என்ற தெய்வத்துக்கு நம் மேசையில் ஒருவரும் உண்மையாகப் பயப்படவில்லை. மூன்று அமர்வுக்குப் பிறகு அதை ஒப்புக்கொண்டு அடுத்த வழி தேடினேன். 2005இல் வந்த ட்ரெட் ஆட்டத்தில் பகடையே கிடையாது. நடுவில் 54 கட்டைகள் கொண்ட ஜெங்கா கோபுரம் நிற்கும். ஆபத்தான காரியம் எதுவானாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். யார் கையில் கோபுரம் சாய்கிறதோ அவர் பாத்திரம் கதையை விட்டுப் போய்விடும். பகடை கைவிட்டால் விதி என்று விட்டுவிடலாம். இங்கே நடுங்குவது உங்கள் விரல்.

இதை வைத்து நான் எழுதியதுதான் ‘கடைசி பஸ்’. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் நம் எல்லோருக்கும் பழக்கம். மூடுபனியில் ஐந்து பயணிகளோடு ஒரு பஸ் ஏறுகிறது. 17ஆவது வளைவின் பலகையைக் கடந்து, அடுத்த வளைவில் திரும்பினால் மறுபடியும் 17. ட்ரெட் முறைப்படி ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே கேள்வித்தாள் கொடுத்தேன்: “மடியில் இருக்கும் பையைக் கண்டக்டர் கேட்டும் ஏன் மேலே வைக்க மறுத்தீர்கள்?” பதில் எழுதும்போதே பயத்தில் பாதி வேலை முடிந்துவிடும், அதுவும் அவர்கள் கையாலேயே.

விதி ஒன்றையும் நானே சேர்த்தேன். ராத்திரியில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் பதில் சொல்ல வேண்டும் என்பார் என் பாட்டி. ஆட்டத்தின் நடுவே சாதாரணக் குரலில் ஒரு பாத்திரத்தின் பேரைச் சொல்வேன். முதல் கூப்பிடலுக்கே “ம்” என்றால் ஒரு கட்டை உருவ வேண்டும். பிப்ரவரி அமர்வில் இரண்டாம் மணி நேரத்துக்கு மேல் மேசையில் ஒருவரும் யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. டீ கொண்டுவந்த பையன் “அண்ணா” என்றான். ஐந்து பேரும் அப்படியே கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் நடத்திய ஆட்டங்களில் அந்த நிமிடத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மே மாதம் டென் கேண்டில்ஸ் ஆடினோம். 2015இல் ஸ்டீபன் டூயி வெளியிட்டது. பத்துச் சிறு மெழுகுவர்த்திகள்தான் வெளிச்சம். கடைசியும் அணையும்போது எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிடும். அது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். ஃபேன் போட்டால் திரி அணையும் என்பதால் நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடைசிச் செய்தியை போனில் பதிவு செய்திருந்தார்கள். முழு இருட்டில் அதைப் போட்டோம். “அம்மா, நான் சாப்பிட்டேன், கவலைப்படாதே” என்றது ஒரு குரல். லைட் போட வெகுநேரம் யாரும் எழவில்லை.

எக்ஸ் கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த முறை அது: மேசை நடுவே எக்ஸ் போட்ட ஓர் அட்டை. கதை தாங்கமுடியாத இடத்துக்குப் போனால் தொடலாம், காரணம் சொல்ல வேண்டாம். இது சிறுபிள்ளைத்தனம் என்று செயற்குழுவில் இருவர் எதிர்த்தார்கள். ஜனவரியில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றில் ஓர் உறுப்பினர் அதைத் தொட்டார். நான் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் காலைக்குக் கதையை நகர்த்தினேன். அவர் எழுந்து போகவில்லை, கடைசிவரை ஆடினார், அடுத்த மாதமும் வந்தார். இனி எல்லா மேசையிலும் அந்த அட்டை இருக்கும்.

இப்போது மனம் வருந்திச் சொல்ல வேண்டியது. ‘கடைசி பஸ்’ முதலில் நடக்க இருந்தது நவம்பரில். வருகிறேன் என்று சொன்ன ஐவரில் இருவர் வரவில்லை. ஒருவர் ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மெசேஜ் அனுப்பினார், இன்னொருவர் அதுவும் இல்லை. சாதாரண ஆட்டத்தில் ஒரு வீரர் குறைந்தால் ஒரு பூதத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதில் பையை மடியில் வைத்திருப்பவரின் ரகசியம் ஜன்னலோர சீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் இல்லையென்றால் மற்றவர்கள் யாரைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள்? ஆறு வாரம் எழுதிய கேள்வித்தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். நேரில் வந்த மூவரும் தூரத்திலிருந்து வந்தவர்கள். யார் மீதும் எனக்குக் கோபமில்லை. வேலை, வீடு எல்லோருக்கும் உண்டு. முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சந்தா விஷயமும் இதேதான். பதிவேட்டில் 31 பேர். முழுச் சந்தா கட்டியவர்கள் 14 பேர். கட்டாதவர்களில் சிலர் தவறாமல் ஆட வருகிறவர்கள் என்பதுதான் வருத்தம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மொத்தத்தில் வந்தது வாடகைக்கும் டீக்கும் சரியாகப் போனது, சிறு தொகை கையிருப்பு. கோபுரம், மெழுகுவர்த்தி, நகல் எடுத்த செலவுகளை நான் கணக்கில் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை.

இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், கணக்கைக் கவனித்த பொருளாளருக்கும், நாற்காலி அடுக்க நின்ற இளைஞர்களுக்கும், டீக்கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ‘கடைசி பஸ்’ஸின் இறக்கப் பயணத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு ஆறு பேர் வேண்டும், ஆறு மாதமும் அதே ஆறு பேர். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்வேன். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். ஆறு கேள்வித்தாள்களும் என்னிடம் தயாராக இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாசல் பக்க மேசையில் இருப்பேன், பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்