போர்டு வைத்த ஸ்டாப்பும் இல்லாத ஸ்டாப்பும்

கோத்தகிரி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை உறைபனி அதிகம். பள்ளத்தில் இருக்கிற தேயிலையெல்லாம் கருகிவிட்டது. கவாத்து பண்ணினால் திரும்பத் துளிர்க்கும் என்கிறார் மாமா.

சரி, உன் மகள் கேட்டதற்கு வருகிறேன். ஈஸ்டில் டி.என்.ஏ இரட்டிப்பு தொடங்கும் இடத்தைப் பளிச்சென்று சொல்லும் புத்தகம், மனித செல் என்றதும் ஏன் மழுப்புகிறது? நல்ல கேள்வி. மழுப்பவில்லை, செல்லே அப்படித்தான்.

ரொட்டி ஈஸ்டில் தொடக்க இடத்துக்கு அடையாளமாக 11 டி.என்.ஏ எழுத்து கொண்ட வரிசை ஒன்று உண்டு. 4ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.ஆர்.எஸ்1 என்ற தொடக்க இடத்தைப் பார்க்கச் சொல். அந்த வரிசையும் அதை ஒட்டிய பி1 என்ற துண்டும் சேர்ந்துதான் ஓ.ஆர்.சியைப் பிடித்து வைக்கின்றன. ஓ.ஆர்.சி என்பது ஆறு புரதங்களின் கூட்டு. 1992இல் பெல்லும் ஸ்டில்மனும் கண்டுபிடித்தது. அது வந்து உட்கார்ந்தால்தான் இழையைப் பிரிக்கும் ஹெலிகேஸ் ஏறும். ஆனால் அந்த 11 எழுத்து ஆயிரக்கணக்கான இடங்களில் வருகிறது. வேலை செய்வதோ சுமார் 400தான். பக்கத்தில் நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் டி.என்.ஏ சுற்றிய உருண்டை) அடைக்காத வெற்றிடமும் வேண்டும்.

விலங்கு செல்லிலும் அதே ஓ.ஆர்.சிதான், ஆனால் குறிப்பிட்ட வரிசையைத் தேடுவதில்லை. நம்ம எஸ்டேட் மினி பஸ் மாதிரி, போர்டு கிடையாது, நிற்க வசதியான இடத்தில் நிற்கும். குரோமாட்டின், அதாவது டி.என்.ஏவும் புரதங்களும் சேர்ந்த பொதி, திறந்திருக்கிறதா, ஹிஸ்டோனில் என்ன குறி இருக்கிறது என்பதே கணக்கு. சீன ஹாம்ஸ்டர் செல்லில் டி.எச்.எஃப்.ஆர் மரபணுவை அடுத்த 55,000 எழுத்து நீளத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் தொடங்குகிறது. தவளை முட்டைக்குள் பாக்டீரியா டி.என்.ஏவைச் செலுத்தினாலும் இரட்டிப்பாகிவிடும்!

இதை நான் ஒழுங்கின்மை என்று சொல்லமாட்டேன். ஈஸ்டின் 1.2 கோடி எழுத்தில் மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இடுக்கு பார்த்துத்தான் தொடங்கியாக வேண்டும், இல்லையென்றால் மரபணுவைப் படிக்கும் நொதியோடு மோதும். நமக்கு 300 கோடிக்கு மேல், அதில் வெற்றிடம் தாராளம். அப்புறம், கருவில் செல்கள் வேகமாகப் பிரியும்போது நெருக்கமாகவும், வளர்ந்த செல்லில் தள்ளித்தள்ளியும் தொடங்க முடிகிறதே, அது எழுதிவைத்த அடையாளத்தோடு நடக்குமா? எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

அவள் ஆய்வுக்கு எந்த செல்லை எடுக்கப்போகிறாள்? ஈஸ்ட் என்றால் ஏ.ஆர்.எஸ்1இலிருந்தே தொடங்கட்டும். மே மாதம் இருவரும் இங்கே வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
சாந்தா