ராகி விளையும் மண்ணில் இயற்கை உணவு எட்டாக்கனியாக இருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றி விளைந்த உணவு வசதி படைத்தவர்களுக்கானது என்ற எண்ணம் எங்கள் தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பெரிய கடைகளின் அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் இயற்கைத் தானியப் பொட்டலங்களின் விலையைப் பார்த்தால் அந்த எண்ணத்தைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எல்லாம் போக மளிகைக்கு ஒதுக்கும் தொகையில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் மானாவாரியாக விளையும் மண்ணில் குடியிருக்கும் நாம், சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து அதே பொட்டலத்தை வாங்க நேர்வதும், கட்டுப்படியாகாமல் விட்டுவிட நேர்வதும் முறையல்ல. விளைச்சல் இங்கேயே இருக்கிறது, வாங்க விரும்புகிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள், இருவரையும் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் ராகியை எடுத்துக்கொள்கிறேன். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோவுக்கு 49 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அதே ராகி மாவாகி, இயற்கை விளைபொருள் என்ற பெயரோடு பொட்டலத்தில் வரும்போது அதன் விலை ஏறத்தாழ இரு மடங்காகிறது, சில கடைகளில் அதற்கும் மேல் போகிறது. அந்தக் கூடுதல் தொகையில் பெரும்பங்கு உழவரின் கைக்குப் போவதில்லை. அரைவைக்கும் பையிடுவதற்கும் லாரிக்கும் கிடங்குக்கும் கடைக்காரரின் பங்குக்கும் போகிறது. முழுத் தானியமாக வாங்கி வீட்டில் சுத்தம் செய்து அரைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை இல்லை. சாமை, தினை, வரகுக்கு இருப்பதுபோல உமி நீக்கும் வேலையும் ராகிக்கு இல்லை, மேல்தோலோடுதான் அரைக்கிறோம். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதையும், அரிசியில் அது மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மளிகைப் பணத்தை முதலில் எதற்குச் செலவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைச் செய்வது கடினமும் அல்ல. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையிலோ போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலோ விளைவித்தவரிடமே ராகி வாங்கும்போது, ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் எவ்வளவு தூசியும் பதரும் இருக்கின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் புடைத்து, அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டு அரித்தால் மணலும் சிறு கல்லும் அடியில் தங்கும். பதர் மேலே மிதக்கும். பிறகு துணியில் பரப்பி நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மாவு மில்லுக்குக் கொடுத்தால் போதும். ஈரம் இருந்தால் மாவு கட்டிப்பட்டுப் புழு வைத்துவிடும் என்பதால் காயவைப்பதில் மட்டும் அவசரப்படக் கூடாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதற்கு நேரம் கிடைப்பது அரிது என்பதை உணர்ந்தே சொல்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதை ஒரு தொழிலாக எடுத்துச் செய்தால், பொட்டல விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே நியாயமான ஒரு விலையில் சுத்தம் செய்த ராகியும் மாவும் எல்லா வீடுகளுக்கும் கிடைக்கும்.

மானாவாரி ராகி முழுவதும் இயற்கை முறையில் விளைந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் குறைவு. ஆனால் யூரியா, டிஏபி போன்ற இரசாயன உரங்களைப் போடுகிறவர்கள் உண்டு. 2023-இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. அந்த ராகிக்கும் இயற்கை விளைபொருள் என்ற சான்று கிடையாது. ஆயினும் பல முறை மருந்து தெளித்து வளர்க்கும் காய்கறிகளோடு ஒப்பிட்டால் மருந்தின் சுமை குறைந்த உணவு அது என்பதால், கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் அதைத் தயங்காமல் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

சாமையின் கதை வேறு. நம் மலையடிவார ஊர்களில் விளையும் சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் இயந்திரங்கள் அருகில் போதுமான அளவில் இல்லாததால், உழவர்கள் அதை உமியோடு வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். அது தொலைவிலுள்ள ஆலைகளுக்குச் சென்று அரிசியாகி மறுபடியும் நம் ஊர்க் கடைக்கே வரும்போது, விளைவித்தவர் வீட்டில்கூட அதை வாங்கிச் சமைக்க யோசிக்கிறார்கள். உமியும் தவிடும் நொய்யும் போக மிஞ்சும் அரிசியின் அளவு குறைவு என்பதால் அதன் விலை சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பே. ஆனால் போகவர ஆகும் லாரி வாடகையையும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? ஒன்றியத்துக்கு ஒன்றாவது உமி நீக்கும் இயந்திரத்தை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பில் நிறுவினால், சாமைக்கு உழவருக்குக் கிடைக்கும் விலையும் உயரும், நாம் கொடுக்கும் விலையும் குறையும்.

காய்கறியில்தான் குடும்பத் தலைவிகள் அதிகம் குழம்புகிறார்கள். எல்லாவற்றையும் இயற்கை முறையில் விளைந்ததாக வாங்க வேண்டும் என்று தொடங்கினால் மாதப் பாதியில் பணம் தீர்ந்துவிடும். கத்தரி, தக்காளி, பச்சைமிளகாய், காலிஃபிளவர், கறிவேப்பிலை, கொத்தமல்லி போன்ற அதிகம் மருந்து தெளிக்கப்படும் பொருள்களுக்கு முதலில் நம்பகமான ஓர் உழவரைத் தேடிக்கொள்வதும், பூசணி, சுரை, வாழைக்காய், சேனை போன்றவற்றை வழக்கமான கடையிலேயே வாங்குவதும் கைக்கு அடக்கமான வழி. கழுவினால் எல்லா மருந்தும் போய்விடும் என்று நம்புவதும் சரியல்ல; செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்துகள் தண்ணீரில் போவதில்லை. செக்கு எண்ணெய் என்பது எண்ணெய் ஆட்டிய முறையை மட்டுமே குறிக்கும், அந்த நிலக்கடலை எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. அந்தப் பெயருக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வெல்லத்தில் ஹைட்ரோஸ் என்ற இரசாயனத்தைச் சேர்த்து வெளுக்க வைக்கும் வழக்கம் இருப்பதால், வெளிர்மஞ்சள் அச்சு வெல்லத்தைவிடக் கருத்த வெல்லத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரும்பாலும் அது விலையும் குறைவு.

உழவர் சந்தையில் இயற்கை விவசாயி ஏன் கடை போடுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் நாள்தோறும் ஒரு விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். வாங்குகிற நமக்கு அது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கத்தரிக்காய் என்றால் எல்லாக் கத்தரிக்காய்க்கும் ஒரே விலை. கூடுதல் ஆள்கூலி கொடுத்துக் களையெடுத்து, பஞ்சகவ்யமும் வேப்பங்கொட்டைக் கரைசலும் தயாரித்து, குறைந்த மகசூலோடு வரும் உழவருக்கு அந்த விலை கட்டாது. அவர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறார். நாம் இங்கே பொட்டலத்தைத் தேடுகிறோம். இயற்கை விளைபொருளுக்குப் பலகை விலையோடு சிறு தொகை சேர்த்து, வெளிப்படையாகத் தனி விலை எழுதினால் இருவருக்கும் கட்டுப்படியாகும்.

பொய் சொல்லி விற்பவர்களை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி நியாயமானது. ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் தேவையான மூன்றாம் தரப்புச் சான்றுக்குக் கட்டணமும் எழுத்து வேலையும் அதிகம். ஓர் ஏக்கர் உழவரால் தனியே அதைத் தாங்க முடியாது. அதற்காகவே மத்திய வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். இந்தியா என்ற பங்கேற்பு முறை இருக்கிறது. அக்கம்பக்கத்து உழவர்கள் குறைந்தது 5 பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்து உறுதி அளிப்பதே அதன் அடிப்படை. இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்தின் விளைச்சலுக்குப் பசுமைச் சான்றும், முழுதும் மாறிய பின் இயற்கைச் சான்றும் அதில் கிடைக்கின்றன. மாற்றக் காலத்து விளைபொருள் பொதுவாக விலை குறைவு என்பதால் நம்மைப் போன்றவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். அந்தக் கடினமான ஆண்டுகளில் உழவருக்கும் அது துணையாக இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளும், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை என்று விலக்கு அளிக்கின்றன. இயற்கை உணவுக்கான அரசு முத்திரையை மட்டும் அவர் பயன்படுத்தக் கூடாது. ஆகவே முத்திரை இல்லை என்பதாலேயே ஒரு சிறு உழவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடக் கூடாது, அவருடைய நிலத்தைப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் சங்கமாக ஒன்றுசேர்ந்து பல ஆண்டுகளாக இயற்கை வேளாண்மை செய்து, சிறுதானியங்களைத் தாங்களே பக்குவப்படுத்தி விற்கிறார்கள். மலைக்கு நடுவே, போக்குவரத்து வசதி குறைந்த ஊர்களில் முடிந்த ஒன்று, நெடுஞ்சாலை ஓரத்து நகரங்களில் முடியாமல் போவதற்குக் காரணம் இல்லை.

ஆடி, ஆவணியில் விதைக்கும் மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். அதற்கு முன்பே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உழவர் சந்தைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் பி.ஜி.எஸ். குழுக்களுக்கு ஒரு வரிசைக் கடைகளை ஒதுக்கி, குழுவின் பெயரும் ஊரும் சான்று எண்ணும் எழுதிய பலகையை அங்கே வைத்து, அந்த நாள்களை முன்கூட்டியே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று இரு மாவட்ட ஆட்சியர்களையும் வேளாண் விற்பனைத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் இல்லத்தரசி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.