14 நடைக்கு நாலு முத்திரை

கூரை போட்டாயிற்று. நேற்று ராத்திரி மழை பெய்தது, எப்போதும் பெய்கிற மழைதான், ஆனால் தகரத்தில் முதல் சத்தம் கேட்டதுமே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்புறமும் யாரும் தூங்கவில்லை, விடியும் வரை பிளேன்டீ குடித்துக்கொண்டே இருந்தோம், அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் புயல் மழையில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இங்கே நுவரெலியா மாவட்டத்தில் இராகலை, வலப்பனைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, மற்றவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. பின்சுவரும் கூரையும் போனது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முகாமாக இருந்த பாடசாலையில் அடுப்பை அணையவிடாமல் சமைத்த அக்காமார், சந்தியில் கடனுக்குச் சீமெந்து கொடுத்துவிட்டு இன்றுவரை ஒரு வார்த்தை கேட்காத கடைக்கார முதலாளி, கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் சேர்த்து அனுப்பிய காசு, அம்மாவுக்கு மூன்று வாரம் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மாமி, படிக்கட்டில் கல் சுமந்த என் பழைய மாணவர்கள் (கணக்கில் 20 மார்க் எடுத்தவர்கள்தான் 2 கல்லாகத் தூக்கினார்கள், அதையும் பதிவு செய்கிறேன்), பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்து உர பேக்கில் மணல் சுமந்த பெண்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டால் ஒருவர் விடுபட்டுவிடுவார், அது பிறகு பெரிய வழக்காகிவிடும்.

இனி மல்லியின் கதை. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, அவனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

முகாமில் நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வீட்டிலிருந்து மீட்ட சாமான்களில் பழைய மலிபன் பிஸ்கட் டின் ஒன்றும் இருந்தது, என் தபால் முத்திரைச் சேர்ப்பு அதற்குள்தான். டின்னுக்குள் தண்ணீர் போயிருந்தது. பாவித்த முத்திரை தண்ணீருக்குப் பயப்படாது, உறையிலிருந்து அதைப் பிரிப்பதே தண்ணீரில் ஊறப்போட்டுத்தான். பின்பக்கம் பசையோடு இருக்கிற புது முத்திரைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போய்விட்டன. மிச்சத்தை வகுப்பறை வாங்குகளில் பழைய பேப்பர் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஆட்கள் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் காயவைக்கிறார்கள், நான் முத்திரை காயவைக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து லேண்ட்மாஸ்டரில் (ட்ரெய்லர் இழுக்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம்) லீக்ஸும் கரட்டும் சமையலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒருவன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரை கிரீஸ். குடித்த கோப்பையைக் கீழே வைக்காமல் வாங்குப் பக்கமே நின்றான். பிறகு, "சேர், இது 67 தேயிலை செட் தானே? நாலும் இருக்கா?" என்றான்.

எனக்கு ஆச்சரியத்தில் பதிலே வரவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல், அதற்கு நூறு வருடம் ஆனதற்காக 1967இல் நாலு முத்திரை வெளியிட்டார்கள். எங்கள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குப்பையில் போட்ட உறைகளிலிருந்து கிழித்துக் கிழித்து அந்த நாலையும் சேர்த்தார். தேயிலைக்கு நூறு வயது என்று கொண்டாடிய அந்த வருடத்தில், அதைப் பறித்த எங்கள் சனத்தில் யார் இங்கே இருப்பது யார் இந்தியாவுக்குப் போவது என்ற கணக்கு நடந்துகொண்டிருந்தது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தப்படி 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மீதிப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. எங்கள் வீட்டில் தாத்தா இங்கே, அவருடைய தங்கை அங்கே. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்த அந்த அப்பாயி போட்ட கடிதங்களைத் தப்பால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். என்னுடைய இந்திய முத்திரைகள் முழுக்க அவர் அனுப்பிய உறைகளில் இருந்து வந்தவை. நான் சேர்க்கத் தொடங்கியதே அப்படித்தான்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் ஒழுங்காகக் கேட்டான். பிறகு எங்கள் வீட்டு நிலைமை கேட்டான். சாமான் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் மதகு உடைந்து கிடப்பதால் லொறி சந்தியோடு நின்றுவிடும், அங்கிருந்து ஒன்றரை மைல் ஏற்றம், எப்படிக் கொண்டுபோவதென்றுதான் தெரியவில்லை என்றேன். (அந்தக் காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை சின்ன ரயில் ஓடியதாகத் தாத்தா சொல்வார். அதையும் 1940களில் கழற்றிவிட்டார்கள்.)

20 மூட்டை சீமெந்து, 1 கியூப் மணல், 300 புளொக் கல், தகரம், மரம். அவன் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "14 நடை வரும். டீசல் சேர் போடணும். எனக்கு அந்த 67 செட்டும் இந்தியா முத்திரையில 15ம் தரணும்."

நான் பத்து என்றேன்.

பதினைந்து என்றான். பத்துக்கு மேல் முடியாது, அதிலும் காந்தி நூற்றாண்டு முத்திரையைத் தொடக்கூடாது என்றேன். சரி, பன்னிரண்டு, ஆனால் கோத்தகிரி தபால் சீல் குத்திய உறை ஒன்று முழுசாக வேண்டும் என்றான். உறை மட்டும் கேட்காதே மல்லி, அதில் அப்பாயியின் கையெழுத்து இருக்கிறது என்றேன். உடனே விட்டுவிட்டான். பன்னிரண்டில் முடிந்தது. கால் மணி நேரம் பேரம் பேசியிருப்போம். அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, யாரோடு சண்டை என்று கேட்டார்.

சண்டை இல்லை அம்மா. அந்த நாலைந்து நாளில் முதன்முறையாக ஒரு மனிதர் என்னிடம் இருந்து ஏதோ ஒன்றை விரும்பிக் கேட்டார்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நன்றி கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வந்த உதவி எல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டது, அது இல்லாவிட்டால் செத்திருப்போம். ஆனால் தினமும் வரிசையில் நின்று, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அரிசிப் பொதியோடு போட்டோவுக்கு முகம் காட்டி, மறுபடி பருப்புக்கு வரிசையில் நின்று, இருபத்தெட்டு வருடம் சோக்கட்டி பிடித்த கை சில நாளிலேயே எப்போதும் நீட்டியபடியே இருக்கப் பழகிவிட்டது. அந்த நேரத்தில் ஒருவன் வந்து, உன்னிடம் சாமான் இருக்கிறது, எனக்கு அது வேண்டும், ஆனால் நீ சொல்கிற விலை கூட என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அந்த முத்திரைகளுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது, எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியாமல் இருக்காது. 14 நடைக்கு வேறு யாராவது கூலி கேட்டிருந்தால் நான் மோட்டார் சைக்கிளை விற்றிருக்க வேண்டும். கூலி வாங்காமல் உதவுவதை மறைப்பதற்குத்தான் அவ்வளவு கறாராகப் பேரம் பேசினானோ என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அந்த 67 செட்டைக் கையில் வாங்கியபோது அவன் முகத்தைப் பார்த்தவன் நான், ஆசையும் உண்மைதான்.

மூன்று சனிக்கிழமை வந்தான். முதல் இரண்டிலும் கல்லும் மணலும் ஏறிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை சீமெந்து. 12 மூட்டையைப் படிக்கட்டு அடியில் இறக்கியபோது மணி மூன்று இருக்கும், வானம் கறுத்துவிட்டது, மேலே சுமக்கப் பொடியன்கள் இன்னும் வரவில்லை. என்னிடம் மூட ஒரு சொப்பிங் பேக் கூட இல்லை. அவன் ஒன்றும் கதைக்கவில்லை. கவ்வாத்து மலையில் கிடந்த மிலாறை (தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட கிளைகளை) இரண்டு கட்டு இழுத்துவந்து பரப்பி, அதன் மேல் பலகை போட்டு, மூட்டைகளை அடுக்கி, ட்ரெய்லரில் இருந்த தன் படங்கை (தார்ப்பாயை) உருவி மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்தான். அந்தப் படங்கைத்தான் அவன் மழையில் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டுவது வழக்கம். நீ எப்படிப் போவாய் என்றேன். "நான் நனைஞ்சா காயும் சேர், சீமெந்தி நனைஞ்சா கல்லு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வாங்கிய கடைசி நாலு முத்திரையைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து மூடி, அந்தக் கொட்டுகிற மழையில் ஒன்றரை மைல் இறக்கத்தில் இறங்கிப் போனான்.

விடியக்காலை நான் போய்ப் பார்த்தபோது எனக்கு முன்னாலேயே வந்து மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுகூடக் கட்டி பிடிக்கவில்லை.

மல்லி, உனக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது, அதனால் இதைச் சந்திக் கடைப் பொடியன் வாசித்துக் காட்டுவான். 1972இல் நாடு குடியரசானபோது வந்த முத்திரை உன்னிடம் இல்லை என்று சொன்னாய் அல்லவா, அதைத் தேடித் தருவதாக நான் முடிவு செய்திருக்கிறேன், கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் சும்மா தரமாட்டேன். ஒரு மூட்டை லீக்ஸ் கேட்பேன், நீ அரை மூட்டை என்பாய், பார்க்கலாம். உன் படங்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அம்மா கழுவி மடித்து வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ.