சுவர் காய நாள் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் புதிதாகத் திறக்கிற ஹோட்டல், கஃபே, புடவைக்கடை எதற்குள் போனாலும் மார்பிள் மாதிரி மினுங்குகிற சுவர்தான். வெனீஷியன் பிளாஸ்டர் என்கிறார்கள். 16 வருடமாக மேசன் வேலை செய்கிறேன், இப்போது அதிகம் வருவது இந்தப் பூச்சுத்தான், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

உண்மையான சரக்கு என்றால் நீற்றிய சுண்ணாம்பும் மார்பிள் தூளும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மூன்று, நான்கு தடவை இழுத்து, கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள் கரண்டியாலேயே மெருகேற்ற வேண்டும். முதலில் சரக் சரக்கென்று இருக்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் கீச்சென்று மாறும், அதுதான் பக்குவம், அப்போது கையை எடுக்கவே கூடாது. துருப்பிடிக்காத கரண்டியாக இல்லாவிட்டால் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு விழும்.

போன வருடம் ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு முன்னால் ஒரு கஃபேயில் வேலை. சீமெந்துப் பூச்சு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வெளியே மழையும் மூடுபனியும், சுவரில் கை வைத்தால் சில்லென்று ஈரம். இன்னும் மூன்று வாரமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன், புதுவருடத்துக்குள் திறந்தாக வேண்டும் என்றார்கள். அவர்கள் வாங்கித் தந்த டின்னும் சுண்ணாம்பு இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. சுண்ணாம்பு என்றால் சுவரின் ஈரம் ஆவியாக வெளியே போக வழிவிடும், அக்ரிலிக் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஒரு மாதத்தில் கீழ்ப்பக்கம் முழுக்கக் கொப்புளம், தட்டினால் பொத்தென்று உதிர்ந்தது. உன் கைவேலை சரியில்லை என்று மிச்சக் காசைத் தரவில்லை. என்னோடு நின்ற இரண்டு தோட்டத்துப் பையன்களுக்கும் என் கையிலிருந்துதான் கூலி கொடுத்தேன்.

கடை முதலாளிமாரிடம் கேட்பது இதுதான். புதுச் சீமெந்துக்கு நான்கு வாரம், குளிர் ஊரில் இன்னும் கூட, என்று விலை பேசும்போதே காய்கிற நாளையும் எழுதிவையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், வேலையாட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், சுவரில் ஒரு துண்டு பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து நின்றால் எந்த மேசனையும் அவசரப்படுத்தாதீர்கள். காய்ந்திருந்தால் சொல்லியனுப்புங்கள், மறுநாள் காலையே கரண்டியோடு வந்து நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு மேசன்,
ஹட்டன்