பின்பால் போட்டி: நுழைவுக் கட்டணத்திலேயே நியாயம் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பின்பால் என்பது சரிந்த மேசையில் உருளும் உலோகப் பந்தைத் துடுப்புகளால் தட்டி ஸ்கோர் எடுக்கும் மெஷின் ஆட்டம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த பின்பர்க் என்ற பின்பால் போட்டியில் நால்வர் நால்வராகப் பிரிந்து ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலிடம் முதல் நான்காமிடம் வரை 3, 2, 1, 0 என்று புள்ளி. ஒரே கட்டணம், எல்லோருக்கும் சம வாய்ப்பு. பின்பால் நடத்துவோர் இதையே பின்பற்றட்டும். திரும்பத் திரும்பப் பணம் கட்டி ஆடி, சிறந்த ஸ்கோரை மட்டும் கணக்கில் கொள்ளும் முறை பர்ஸ் கனத்தவருக்கே சாதகம், வரிசையும் நகராது. அதைத்தான் வைப்பதென்றால் ஆளுக்கு இத்தனை ஆட்டச் சீட்டு என்று வரம்பு கட்டுங்கள். அடுத்தவர் ஸ்டார்ட் பட்டனைத் தொடுமுன் நடுவர் ஸ்கோரை எழுதிவிட வேண்டும்.

டில்ட், அதாவது மெஷினை அளவுமீறிக் குலுக்கினால் பந்து பறிபோவது, அதன் தகராறுதான் பெரிது. மெஷினுக்குள் கம்பியில் தொங்கும் குண்டு, சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டால் பல மெஷின்களில் முதலில் எச்சரிக்கை வரும், அதையும் மீறித் தொட்டால் அந்தப் பந்து போச்சு. முன்னவர் குலுக்கியதில் குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அடுத்தவர் பந்து அநியாயமாகப் பறிபோகும். அது அடங்கும்வரை பந்தை ஏவ விடாதீர்கள்.

– பின்பால் ஆர்வலர்கள்