டம்ளருக்குள் ஏறும் தண்ணீர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேருகிறாள்.

பேத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், வேதியியல் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். தனிம அட்டவணையைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. ஒரு தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கவிழ்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். நாமும் பள்ளியில் பார்த்ததுதான். சுடர் சுருங்கி அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த விளக்கம் தவறு. அதனாலேயே புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது என்பேன்.

எப்படித் தவறு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். முதலில் கூர்ந்து பார்க்கச் சொல். சுடர் எரியும்போது தண்ணீர் அதிகம் ஏறாது, அணையும் நேரத்தில்தான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரியும்போதே படிப்படியாக ஏற வேண்டாமா? கவிழ்த்தவுடன் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதும் பல சமயம் தெரியும். அடுத்து, அதே டம்ளர், அதே தண்ணீர், மெழுகுவத்தி மட்டும் ஒன்றுக்குப் பதில் மூன்று. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, ஆனாலும் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். செய்வதற்கு முன்பே என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இரு.

நடப்பது இதுதான். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அணைந்ததும் மீதி குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்ததில் உண்டான நீராவியும் தண்ணீராகிறது. செலவான ஆக்சிஜனின் இடத்தில் பெரும்பகுதியைக் கரியமில வாயு பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த ஐந்தில் ஒரு பங்கு பொய்யா என்று கேட்பாள். கேட்டால் லேத் பட்டறையில் கொஞ்சம் இரும்புத் தூள் வாங்கிவா. எண்ணெய் போக சோப்பில் கழுவி, ஈரமான சோதனைக் குழாயின் உட்பக்கத்தில் ஒட்டவைத்து, தண்ணீரில் கவிழ்த்து வைக்கட்டும். இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு துருவாகிறது. வேறு வாயு எதுவும் உண்டாவதில்லை, சுடரின் சூடும் இல்லை. சில நாளில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி, அதோடு நின்றுவிடும்.

அப்புறம், பெரிய மேதைகளும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள் என்று சொல். 1774-ல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த பிரீஸ்ட்லி, எரியும் பொருளிலிருந்து 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஒன்று வெளியேறுகிறது என்றே கடைசிவரை நம்பினார். மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி அணைவதற்கு அந்தக் கொள்கையிலும் விளக்கம் இருந்தது: காற்றுக்கு இனி ஃபுளோஜிஸ்டனை ஏற்க இடமில்லையாம்! பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தராசை எடுத்தார். மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார், மொத்த எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, அப்போதுதான் எடை கூடியது. உலோகம் காற்றிலிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

மெழுகுவத்தி குட்டையாக இருக்கட்டும், முடியைப் பின்னிக்கொள்ளட்டும், நீ பக்கத்திலேயே இரு. விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. மூன்று மெழுகுவத்திக்கு அவள் என்ன எழுதினாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
செல்வம்