மருமகனின் கோஷ்டிக்கு ஆள் தெரிவு

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பனுக்கு,

நலம். உன் வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பேஸ் கிற்றாரை மீண்டும் கையிலெடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல நேரத்தில்தான் எடுத்திருக்கிறாய், ஏனென்றால் உன்னிடம் கேட்க வேண்டிய காரியம் ஒன்று இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. என் தமக்கையின் இளைய மகன் இசைக்குழு தொடங்குகிறான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வருவோர் வைக்கும் பிறந்தநாள் என்று வேலைக்குக் குறைவிராது என்பது அவனுடைய கணக்கு. ஆட்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டான்.

எழுபதுகளில் கண்ணன் கோஷ்டி வருகிறதென்றால் கோயில் வீதியில் முன்கூட்டியே போய் இடம் பிடித்தவர்கள் நாங்கள். அன்றைக்கு நல்ல வாத்தியக்காரர் கிடைப்பதே அருமையாக இருந்தது. இன்று நிலைமை அப்படியல்ல. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பிள்ளைகள், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தேறியவர்கள், குருநகர்ப் பக்கத் தேவாலயங்களில் கீபோர்ட் வாசிப்பவர்கள், எங்கள் ஊரிலேயே பரம்பரையாகத் தவில் வாசிப்பவர்கள் என்று கேட்டவுடன் ஒரு பட்டியலே வந்துவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானோர் பரீட்சகர் முன்னாலோ கைத்தொலைபேசிக் கமெராவின் முன்னாலோ தனியாக வாசித்துப் பெயர் எடுத்தவர்கள். இன்னொருவருக்காகத் தன் வாசிப்பைக் குறைத்துக்கொள்ளும்படி அவர்களை யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஆளாளுக்குப் பிடித்த உருப்படியை வாசிக்கச் சொல்லிப் பார்ப்போம் என்றுதான் மருமகன் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். பிடித்ததை வாசிக்கச் சொன்னால் எல்லோருமே நன்றாக வாசிப்பார்கள். அதற்குப் பதிலாக, அதிகம் பழக்கமில்லாத மெதுவான பாட்டொன்றைக் கொடுத்து, ஒரு பெண்பிள்ளை பாட, அதற்குத் துணையாக வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, சுருதியை அரைக் கட்டை இறக்கி மறுபடி தொடங்கச் சொன்னேன். கீபோர்ட்காரர்களில் பலர் சுருதி மாற்றும் பொத்தானைத் தேடினார்கள். தேவாலயத்துப் பையன் ஒருவன் மட்டும் பொத்தானைத் தொடாமல், விரலிடங்களை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவன் பாடகியின் முகத்தைப் பார்த்து, அவள் மூச்செடுத்து முடிக்கும்வரை அடுத்த கோர்டைப் போடாமல் காத்திருந்தான். அவனை அன்றே எடுத்துக்கொண்டோம்.

வயலின் பிள்ளையின் கதை வேறு. ச-ப-ச-ப என்று ஒரு சுருதிக்கேற்பத் தந்தி கூட்டி வாசித்துப் பழகியவளுக்குப் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுவது பெரிய தொல்லை. தந்தியை ஒவ்வொரு முறையும் மாற்றிக் கூட்ட மேடையில் நேரமேது? ஆனாலும் காதால் கேட்டதை உடனே வாசிக்கக்கூடியவள், கமகம் என்ற சுர அசைவு எங்கே வேண்டும் எங்கே வேண்டாம் என்றும் தெரிந்தவள். அவளுக்காகப் பாட்டுகளைச் சுருதிவாரியாக அடுக்கிவிடலாம் என்று தீர்மானித்தோம். மிருதங்கத்துக்கும் அந்த ஒழுங்கு உதவும், ஏனென்றால் அதையும் நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது.

அதிகம் யோசித்தது தவிலுக்குத்தான். வந்த பையனின் கை அபாரம். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்ற தாள நடைகள் எல்லாம் அவனுக்கு விளையாட்டு. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண்ணில் தவிலைக் குறைத்து வாசி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் திறந்த வெளியில் நாதஸ்வரத்தோடு வாசிக்கப் பழகிய அந்தக் கை மேடைக்குள் வந்ததும், ட்றம்ஸ்காரனும் அவனும் ஒரே இடத்தை நிரப்பப் போட்டியிட்டார்கள். பாடகியின் குரல் எங்கேயோ போய்விட்டது. பல்லவி முடிந்து சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு உருட்டு உருட்ட, உருட்டி முடிக்கையில் பாட்டும் வேகமெடுத்துவிடும். கடைசியில் தவில்காரப் பையனிடம், அலங்காரம் எதுவுமின்றிப் பாட்டு முழுவதற்கும் சர்வலகு, அதாவது நேரான தாள நடை, மட்டும் வாசி என்றேன். முதலில் முகம் கோணினான். சரணத்துக்கு வரும்போது தலையாட்டத் தொடங்கிவிட்டான். ட்றம்ஸ்காரனிடமும் அதையே கேட்டேன், அவனால் முடியவில்லை. தவில்காரன் இருக்கிறான், ட்றம்ஸுக்கு இன்னொருவரைத் தேடுகிறோம்.

பாடகர் தெரிவைக் கடைசிக்குத் தள்ளிவைத்தது மருமகனுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அதற்கு நேர்மாறு என்பது உனக்குத் தெரியும்: முதலில் பாடகர், பிறகு அவருடைய நண்பர்கள், பிறகு மிஞ்சிய இடத்துக்கு யாராவது. நான் சோடிப் பாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஆண்குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை இதமாக இருக்கும், பெண்குரலுக்கு ஐந்து கட்டைப் பக்கம். ஒரே சுருதியில் இருவரும் பாடும்போது யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆகவேண்டும். தன் மேல் ஸ்தாயியைக் காட்டுவதற்காகச் சுருதியை ஏற்றச் சொன்னவரைவிட, உனக்கு எது வசதி என்று மற்றவரைக் கேட்டவருக்கே நான் புள்ளி போட்டேன். குரல் வளம் அவருக்குச் சற்றுக் குறைவுதான். மருமகன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான்.

வாசிப்புக்கு வெளியே இருக்கும் விடயங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், அதையொட்டிய மற்றக் கோயில்களின் நாட்களும் தவில்காரன் எங்கள் கைக்கு வரமாட்டான். மார்கழி பிறந்தால் தேவாலயத்துப் பையனுக்குப் பாடகர் குழு. இது போதாதென்று, கெட்டிக்காரப் பிள்ளைகளில் பாதிப்பேர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இரண்டாவது ஆளையும் இப்போதே பழக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். பணப் பங்கீட்டையும், பெட்டிகளும் வயர்களும் யாருடையவை என்பதையும் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று.

இனி உன்னுடைய காரியம். பேஸ் கிற்றாருக்கு இருவர் வந்திருக்கிறார்கள். மருமகன் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை, யாராவது வாசிக்கட்டும் என்கிறான். அவனையும் குறை சொல்ல முடியாது. தடித்த தந்தியின் அடிச்சுரம் ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ். கோயில் மரத்தில் கட்டும் புனல் ஒலிபெருக்கியில் அது வரவே வராது. அந்தப் புனலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வாத்தியம் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் அது இல்லாவிட்டால் ட்றம்ஸ்காரனும் கீபோர்ட்காரனும் ஆளுக்கொரு திசையில் போவார்கள் என்பதை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் விரல் சுத்தம், நிறைய ஓடுகிறான். மற்றவன் கொஞ்சமாக வாசிக்கிறான், ஆனால் சில இடங்களில் சுரம் பிசகுகிறது. பிசகைப் பயிற்சியால் திருத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஓட்டத்தை அடக்குவதுதான் கடினம். என்றாலும் இந்த வாத்தியத்தில் உன் காதைத்தான் நம்புவேன்.

இருவரும் அதே பாட்டுக்கு வாசித்த ஒலிப்பதிவுகளை மருமகன் உனக்கு வட்சப்பில் அனுப்புவான். காதுக் கருவி போட்டுக் கேள், தொலைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. அடுத்த ஒத்திகைக்கு முன் பதில் வந்தால் நல்லது. ஆடியில் நீ வரும்போது ஒரு கட்டுத் தந்தியும் கொண்டுவா, யாரை எடுத்தாலும் தேவைப்படும்.

அன்புடன்,
உன் பழைய கிற்றார்க்காரன்